செல்லப்பெருமாள் பெண்சாதி

புருஷன் பேர் என்ன? செல்லப்பெருமாள். மாமனார் பேர்? ரத்தினவேலு. புருஷன் பிறந்த ஊர்? இதே காரைக்கால்தான், உப்புக்கிடங்குத் தெரு. கல்யாணம் எங்கே நடந்தது? திருநள்ளாற்றில், சனி பகவான் சன்னதியில். இதற்கு மேல் என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிடு, பொம்பளைக்கு ஒன்றும் தெரியாது என்றால் எந்த ஊர்த் துரையும் நம்பிவிடுவான் என்று வக்கீல் கனகசபை முந்தாநாள் சொல்லிக்கொடுத்தார், சொல்லும்போது சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது, பெண்சாதி என்பதால் சும்மா விசாரித்து எழுதிக்கொள்வார்கள், அதனால் பொய் என்று மனசைக் குழப்பிக்கொள்ளாதே என்றும் சொன்னார். பெஞ்சுப் பலகை வழுவழுவென்று இருக்கிறது. எத்தனை பேர் இங்கே உட்கார்ந்து பயந்து நெளிந்து இதைத் தேய்த்தார்களோ. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் கடல்காற்று வருகிறது, ஆனாலும் எனக்கு வியர்க்கிறது, கையை முகர்ந்தால் இன்னும் இட்லி மாவு வாசனை. இன்றைக்கும் நாலு மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போகிற ஆட்களுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், ஏன் ஊற்றினேன், கை தானாக ஊற்றியது. புருஷன் பேர் செல்லப்பெருமாள். உள்ளே அவர் இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், கதவு பாதி திறந்திருக்கிறது, அவருடைய இடது முழங்கால் மட்டும் இங்கிருந்து தெரிகிறது, அது ஆடிக்கொண்டே இருக்கிறது. எதிர்த் தூணில் சிவப்புத் தலைப்பாகையோடு சாய்ந்திருப்பவர் பேரளத்து ஏட்டு, இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து அவரைக் கொண்டுபோக வந்தவர். கையில் விலங்கு வைத்திருக்கிறார், வெற்றிலைப் பை மாதிரி அதை விரலில் மாட்டி ஆட்டுகிறார். ஆலங்கொல்லையில் கொள்ளி வைத்த ஆசாமி இவர்தான் என்று முடிவானால் ரெண்டு மணி ரயிலில் ஏற்றிவிடலாம் என்று புதுச்சேரியிலிருந்து பெரிய துரை கையெழுத்துப் போட்ட கடிதாசே வந்தாயிற்றாம். ஆள் இவர்தானா என்பது ஒன்றுதான் பாக்கி. காரைக்காலில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜை என்றால் விடமாட்டார்கள், அதுதான் நம்முடைய பிடி என்கிறார் வக்கீல். செல்லப்பெருமாள் பிறந்த பதிவு மேரியில், அதுதான் முனிசிபல் ஆபீசில், இருக்கிறது, பழைய புத்தகத்தில், அழகான கையெழுத்தில். அது பொய்ப் பதிவு இல்லை. செல்லப்பெருமாள் என்று ஒருவன் நிஜமாகவே பிறந்தான், வளர்ந்தான், இருபது வருஷத்துக்கு முன்னால் சைகோனுக்குக் கப்பல் ஏறினான், திரும்பவில்லை, தேட ஆளும் இல்லை. நாங்கள் வந்து இறங்கினபோது அவன் பேர் சும்மா கிடந்தது. யாரும் போட்டுக்கொள்ளாத சட்டை மாதிரி.

முழங்கால் இன்னும் ஆடுகிறது. நிறுத்தக்கூடாதா. அன்றைக்கும் அப்படித்தான் ஆடியது, சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே, முழங்கால் மட்டும் ஆட. பங்காளி தம்புசாமி நடவு நேரத்தில் மடையை அடைத்துவிட்டான், எங்கள் நாற்று முழுக்கக் காய்ந்துபோனது, பஞ்சாயத்தில் பேசி அவன் பக்கமே தீர்ப்பானது, அதெல்லாம் நடந்து ஏழு மாசம் ஆகியும் இவருக்கு ஆறவில்லை. தை மாசம், பகல், களத்தில் தம்புசாமியின் வைக்கோல் போர் கோயில் கோபுரம் மாதிரி நின்றது. இவர் எழுந்து கை கழுவினார். அடுப்பு மாடத்திலிருந்து வத்திப்பெட்டியை எடுத்தார். சுருட்டுக்கு என்று நினைத்தேனா? இல்லை, அவர் சுருட்டுப் பிடிக்கிறவர் இல்லை. எனக்குத் தெரியும். எங்கே போகிறார் என்று தெரியும். அதற்கு முன்னால் அரை நாழிகை இருக்கும், நான் குளத்திலிருந்து குடத்தோடு வருகிறபோது களத்துக் காவல்காரன் பூமாலை போருக்குக் கிழக்குப் பக்க நிழலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் வெளுப்பாக வெயிலில் கிடந்தது. அங்கே ஆள் படுத்திருக்கான் என்று இவரிடம் சொன்னேனா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. வாசற்படியில் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன், அவர் திரும்பவில்லை. இல்லை, சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் வேலியைத் தாண்டிவிட்டார். இல்லை, நினைத்தேன், அவ்வளவுதான், அடுப்பில் பால் இருந்தது, பொங்கப்போகிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் பொங்கியதா? அதுகூட ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷமாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். சில நாள் சொல்லிவிட்டேன் என்று அடித்துச் சொல்லும் மனசு, அன்றைக்கு இட்லி பஞ்சு மாதிரி வரும். சில நாள் அந்த உள்ளங்கால் வந்து நிற்கும். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புகை எழுந்ததும் கூச்சல் கேட்டதும் அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்ததும், அம்பகரத்தூர் வழியாக வயல் வரப்பிலேயே நடந்து இருட்டுவதற்குள் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் வந்ததும், மறுநாள் சந்தையில் யாரோ ஒருவன் ஆலங்கொல்லையில் ஒரு ஆள் வெந்துபோனானாமே என்று சொன்னதும், எல்லாம் சேர்ந்து அந்தப் பகலின் மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டது. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒருநாள்கூட.

தேவாலயத்தில் மணி அடிக்கிறது, பத்து. புருஷன் பேர் என்ன, செல்லப்பெருமாள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமே இல்லை, அதுதான் வேடிக்கை. கல்யாணம் ஆனதிலிருந்து அவருடைய நிஜப் பேரை என் வாய் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்துச் சாமி பேரும் அவர் பேரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும், அதனால் அந்தக் கோயிலை வேளூர் கோயில் என்பேன், நாடி பார்க்கிறவரை மருந்துக்காரர் என்பேன், நாத்தனார்கள் வேண்டுமென்றே என்னை மடக்கிக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தக் கோயில் அம்மன் பேர்தான் எனக்கு, தையல்நாயகி. சாமியும் அம்மனுமாகப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தார்கள். இங்கே வந்து நான் அமிர்தம் ஆனேன். ஆனால் செல்லப்பெருமாள் என் புருஷன் இல்லையே, அவன் சைகோனில் எங்கேயோ இருக்கிறவன், இல்லை செத்தவன், அவன் பேரைச் சொன்னால் யார் ஆயுசு குறையப்போகிறது. செட்டி கடையில், மேரியில், ஆஸ்பத்திரியில், எங்கே கேட்டாலும் பளிச்சென்று சொல்வேன். தெருப்பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அப்புறம் பட்டணத்துப் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா செத்ததுகூட இந்த அமிர்தத்துக்குத் தெரியக்கூடாது. பேரளத்திலிருந்து கருவாடு வாங்க வந்தவர்கள் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் தெரிந்தது, ஆலங்கொல்லைக் கிழவி போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டதாம். அழ முடியவில்லை, அழுதால் யார் செத்தது என்று கேட்பார்கள், அமிர்தத்துக்குத்தான் அம்மாவே கிடையாதே. நாலாம் நாள் பின்தெருவில் ஒரு கிழவர் செத்தார், முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, நான் போய் அந்தப் பெண்களோடு கட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் மாரடித்து அழுதேன். அந்த வீட்டு மருமகள் என்னைத் தூக்கி நிறுத்தி, இம்புட்டுப் பாசமா வெச்சிருந்தீங்க எங்க மாமா மேல என்று கேட்டு அவளும் அழுதாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவரும் பாவம்தான். பாவமா? ஸ்டேஷனில் ஒற்றைமாட்டு வண்டி ஓட்டினார், சவாரியின் முகத்தைப் பார்க்காமலே கூலி வாங்குவார், ஆனாலும் மாட்டை அதட்டுகிற சத்தத்தை மறைக்க முடியவில்லை. திருநள்ளாற்றுக்குப் போக வண்டியில் ஏறின ஒரு பேரளத்து ஆள் அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

சாட்சி செங்கமலம் என்று சிப்பாய் கூப்பிடுகிறான். ஏட்டுக்குப் பின்னால் தரையில் குந்தியிருந்த ஒருத்தி எழுந்திருக்கிறாள். என் வயசு இருக்கும், மூத்துப்போன மாதிரி இருக்கிறாள், நெற்றி வெறுமையாக. இன்னும் நேரம் இருக்கு, இங்க பெஞ்சில உக்காரு, கூப்பிட்டா ஓடி வரணும் என்கிறான் சிப்பாய். அவள் பெஞ்சைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், தயங்குகிறாள். ஆலங்கொல்லையில் நான் உட்கார்ந்த பலகையில் அவள் உட்கார முடியாது, களத்து மேட்டில் நின்றுதான் பேச வேண்டும். இங்கே சிப்பாய்க்கு அதெல்லாம் தெரியவில்லை. அவள் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்காருகிறாள். பூமாலையின் பெண்சாதி. அவர்கள் வேற்றூர், அவன் மட்டும் அறுப்புக் காலத்துக் காவலுக்கு வருவான், இவள் இரண்டு மூன்று தடவை கூழ் கொண்டு வந்ததை வேலி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். இவள் என்னைப் பார்த்திருப்பாளா? முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்கிறேன். அவள் மெதுவாக, "அம்மா, இங்க குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்கிறாள். என் செம்பைக் கொடுத்தேன். உயரத் தூக்கிக் குடித்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. "நீங்களும் சாட்சியா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "எனக்குப் பயமா இருக்கும்மா. என் வூட்டுக்காரரைக் கொன்னவனைக் காட்டச் சொல்றாங்க. ரெண்டு தரம்தான் பாத்திருக்கேன் அந்த ஆளை. அந்த ஊருப் பங்காளிங்க ஒருத்தரும் வரலை. நம்ம ஆளை நாமே காட்டிக் குடுக்கறதான்னு இருந்துட்டாங்க. தலையாரி வந்தாரு, பாத்தாரு, தெரியலைன்னுட்டுப் போயிட்டாரு. வண்டியில கண்டுபிடிச்ச பேரளத்து ஆளும் கோர்ட்டுக்கு வரமாட்டேன்னுட்டாரு." நான் கேட்கக்கூடாது, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், மாமனார் பேர் ரத்தினவேலு, ஆனால் வாய் கேட்டுவிட்டது. "தூக்கத்துலயே போயிட்டாரா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு சொன்னா? தூங்கலைம்மா. வத்தி வெக்கறதுக்கு முன்னயே எழுந்து வாய்க்காலுக்குப் போயிட்டாராம், மொகம் கழுவ. நெருப்பைப் பாத்துட்டு ஓடியாந்திருக்காரு. போரை ஒட்டிக் கன்னுக்குட்டி ஒண்ணு கட்டியிருந்துச்சு, அதைப் போய் அவுத்து வுட்டாரு. கன்னு வெளிய வந்துருச்சு, போரு இவரு மேல சரிஞ்சுருச்சு." செம்பைத் துடைத்து என் பக்கத்தில் வைத்தாள். "அந்தக் கன்னை எங்களுக்கே குடுத்துட்டாங்க. நல்ல கன்னு. நாலு ஈத்து ஈனிருச்சு. அது பால்லதான் என் புள்ளைங்க ரெண்டும் வளந்துச்சு." கன்றைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாக இருந்தது, வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிற குரல். எழுந்துவிட்டானாம். முகம் கழுவப் போயிருந்தானாம். வெளுத்த உள்ளங்கால் எழுந்து வாய்க்காலுக்கு நடந்துபோகிறது. ஒன்பது வருஷம் படுத்தே கிடந்தவன் எழுந்து நடக்கிறான். எனக்கு மூச்சு ஒரே இழுப்பாக உள்ளே போனது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் செத்தான். தூங்கிச் செத்தாலும் ஓடிவந்து செத்தாலும் நெருப்பு ஒன்றுதானே. நெருப்பு ஒன்றுதான், ஆனால் அது வேறு. எப்படி வேறு என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் வேறு.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்தே இருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது. துரைக்குப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்கிற துபாசி ஞானாதிக்கம் முசே கனத்த குரலில் கேட்கிறார், இவன்தானா பார். தொங்குவிசிறிக் கயிறு இழுக்கிறவனின் கிறீச் மட்டும் கேட்கிறது. அவர் இப்போது தாடி வைத்திருக்கிறார், ஒரு கண் வெளுத்துவிட்டது, பாதி ஆளாக இளைத்துவிட்டார். "அவரு மாதிரிதாங்க இருக்கு. ஆனா அடிச்சுச் சொல்ல முடியலைங்க." இங்கிலீஷ்காரன் பக்கத்து ஏட்டு கதவுக்குள் தலையை நீட்டி, நல்லாப் பாரு, இவ்வளவு தூரம் கூட்டியாந்திருக்கு என்றார். அவள் சொன்னாள், "பாத்துட்டேன் அய்யா. எவனோ ஒருத்தன் தலையில பழியைப் போட்டுட்டு நான் எங்க போயி நிம்மதியாப் படுப்பேன்? வேணும்னா கோவிச்சுக்கங்க." வெளியே வந்தாள், பெஞ்சுக்கு வராமல் தூண் பக்கம் போய் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வக்கீல் கனகசபை வெளியே எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார், ஜெயித்தாயிற்று, இனி நீ ஒருத்தி சொன்னால் போதும் என்கிற மாதிரி. எழுந்தேன். கால் மரத்திருந்தது. உள்ளே வார்னிஷ் வாசனை, நீதிபதி துரையின் கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருந்தது, அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் என் ஆள் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் தப்பாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பேர் என்னம்மா? அமிர்தம்ங்க. புருஷன் பேர்? செல்லப்பெருமாள்ங்க. பளிச்சென்று வந்தது. துபாசி முசே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவரும் தமிழர்தானே, கிறிஸ்து வேதக்காரரானால் என்ன, அவர் வீட்டிலும் ஓர் அம்மாள் எங்கள் வீட்டுக்காரர் என்றுதானே சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படியே பிரெஞ்சில் துரைக்குச் சொன்னார். பிறந்த ஊர், சொன்னேன். கல்யாணம், சொன்னேன். "ஆலங்கொல்லை வைத்திலிங்கம்னு ஒருத்தரைத் தெரியுமா?" தெரியாதுங்க. "அப்படி இல்லம்மா. துரை உன் வாய்ச்சொல்லாவே எழுதிக்கணும். இவர் வைத்திலிங்கம் இல்லை, வைத்திலிங்கம்னு யாரையும் எனக்குத் தெரியாது. முழுசாச் சொல்லு." இதை வக்கீல் சொல்லிக்கொடுக்கவில்லை. வாயைத் திறந்தேன். முதல் எழுத்து நாக்கு நுனிக்கு வந்தது. ஒரு பேர்தானே, ஏழு எழுத்து, சொன்னால் அவர் பிழைப்பார், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னது, இரண்டும் ஒரே பேர், எது நிஜம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், மறுபடியும் நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றலாம், மறுபடியும் யார் கதவைத் தட்டினாலும் அவர் பின்பக்கம் போய் நிற்பார், மறுபடியும் நான் அமிர்தம், சாகிற வரைக்கும் அமிர்தம், செத்தாலும் அமிர்தம் என்றே எழுதுவார்கள். வெளியே தூண் பக்கம் அவள் நிற்கிறாள். அடித்துச் சொல்ல முடியவில்லை என்று சொன்னவள். இவன்தான் என்று சொல்லிவிட அவளுக்கு எவ்வளவு காரணம் இருந்தது, ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. துரை பேனாவை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். துபாசி முசே என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது என்று பிறகு யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. இன்னும் ஒரு மூச்சு இழுத்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. "அந்தப் பேரை நான் சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

வக்கீல் கனகசபை நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். துரை, என்ன, என்ன சொன்னாள் என்று கேட்டது பிரெஞ்சானாலும் எனக்குப் புரிந்தது. துபாசி முசே உடனே சொல்லவில்லை. "அம்மா, நீ சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு நான் துரைக்குச் சொன்னா, அதைத் திருப்பி வாங்க முடியாது. சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். சொல்லுங்க என்றேன். அவர் நீளமாகச் சொன்னார், எங்கள் ஊர் வழக்கத்தை அந்த வெள்ளைக்காரருக்கு எந்த வார்த்தையில் விளக்கினாரோ, நடுவில் ஒரு தடவை தன் வாயைத் தானே பொத்திக் காட்டினார். அப்போதுதான் என் ஆள் பக்கம் திரும்பினேன். அடிப்பார் என்று நினைத்தேனா, சபிப்பார் என்று நினைத்தேனா. முழங்கால் நின்றிருந்தது. அவர் எழுந்து நின்றார், சிப்பாய்கள் தோளைப் பிடிக்கப் போனார்கள், அவர் ஓடுகிற மாதிரி இல்லை என்று விட்டுவிட்டார்கள். யாரும் கேட்காமலே தன் பேரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார், ஊர் ஆலங்கொல்லை என்றார். களத்து மேட்டிலிருந்து ஆள் கூப்பிடுகிற அந்தக் குரல். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் அவர் தொண்டையை இடுக்கிக்கொண்டு வேறு எவனுடைய குரலிலோ பேசியிருக்கிறார், நான் அதைக் கவனிக்கவே இல்லை, இப்போது பழசைக் கேட்டதும்தான் தெரிகிறது. துரை எழுதினார். எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் நெஞ்சில் துக்கம் என்று தேடினால் அது கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் இறுக்கிக்கொண்டிருந்து ஒரு காற்று வந்ததும் உடம்பெல்லாம் லேசாகுமே, அப்படித்தான் இருந்தது. இப்படி இருக்கலாமா ஒரு பெண்சாதிக்கு? இருக்கிறதே, என்ன செய்ய.

தாழ்வாரத்தில் அவரை உட்கார வைத்தார்கள், காகிதம் தயாராக வேண்டுமாம். ஏட்டு விலங்கு மாட்டினார், வலிக்குதா என்று கேட்டு ஒரு துளை தளர்த்திவிட்டார். வக்கீல் என்னைப் பார்க்காமல் அவரிடம் குனிந்து, கொலை நெனச்சு செஞ்சதில்லைன்னு அங்க ஒரு வக்கீல் வாதாடணும், தூக்குக் கயிறு வராது, ஏழோ பத்தோ வருஷம் உள்ள இருக்கணும், நான் அந்தப் பக்கத்து வக்கீலுக்கு எழுதறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது. "கோவமா?" என்றேன். அவர் யோசித்தார். "வரும்னு நெனச்சேன். வரலை. ஒன்னால முடியும்னு எனக்குத் தோணவே இல்லை, அதான்." அப்புறம், "மாட்டை மேலத்தெரு அந்தோணிகிட்ட குடுத்துரு. அவன் அடிக்க மாட்டான்" என்றார். சரி என்றேன். பிறகு நான் சொன்னேன், "பூமாலை தூங்கலையாம். நெருப்பைப் பாத்து ஓடியாந்து கன்னுக்குட்டியை அவுத்து விட்டானாம், அப்ப சரிஞ்சதாம். அவன் பெண்சாதி சொன்னா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், வெளுத்த கண்ணும் நல்ல கண்ணும். "நான் பாத்தேனே. நீ சொன்னேல்ல வாசப்படியில, கெழக்கால ஆள் படுத்திருக்கான்னு. அதுக்காகத்தான் கெழக்குப் பக்கமாச் சுத்திப் போயிப் பாத்தேன். துண்டு மட்டும் கெடந்துச்சு, ஆளு இல்லை. இல்லைன்னு பாத்துட்டுத்தான் வெச்சேன். அப்புறம் எப்படி வந்தான்னு இத்தனை வருஷமா எனக்குப் புரியலை." நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னேனா?" "சொன்னியே" என்றார், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. "திரும்பிப் பாக்காமத்தான் போனேன். ஆனா காதுல விழுந்துச்சு." சொன்னேன். வாசற்படியில் நின்று, அவர் முதுகைப் பார்த்து, சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை அவரிடம் இத்தனை வருஷமும் பத்திரமாக இருந்திருக்கிறது, ஒரே கூரைக்குக் கீழே, கையெட்டுகிற தூரத்தில், நான் ஒருநாள் கேட்டிருந்தால் போதும். தடுத்திருக்க வேண்டும், சொன்னது மட்டும் போதாது, கையைப் பிடித்து வத்திப்பெட்டியைப் பிடுங்கியிருக்க வேண்டும், அதெல்லாம் இருக்கிறது, அது தீராது. ஆனால் சொன்னேன்.

செங்கமலத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், நான் யார் என்று. ஸ்டேஷனில் ஏட்டோடு அவளும் அதே வண்டிக்கு நின்றாள், என்னைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், நான் ஓர் அடி எடுத்து வைத்தேன், அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். அதுவும் சரிதான். என் செம்பில் தண்ணீர் குடித்ததை நினைத்து அவள் இன்றைக்கு ராத்திரி காறித் துப்பினாலும் சரிதான். ரயில் வந்தது. அவரை மூன்றாம் வகுப்பில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள், ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். என்ன சொல்லி அனுப்புவது என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மயக்கமோ என்று பயந்துவிட்டேன். இல்லை, மூச்சு சீராக வந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. இஞ்சின் இன்னும் தண்ணீர் பிடித்து முடிக்கவில்லை, அதற்குள் அவர் தூங்கிவிட்டார், பேரளத்துப் போலீஸ்காரனின் தோளில். சின்ன வயசுக்காரன் அந்தப் போலீஸ்காரன், தோளை அசைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்து விழித்தான். எழுப்பவா என்று கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று கை காட்டினேன். வண்டி அப்படியே நகர்ந்து போயிற்று, புகை கொஞ்ச நேரம் தென்னை மரங்களுக்கு மேலே நின்றது. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் போய் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "அஞ்சரைக்கு. எங்கம்மா போகணும்?" "பேரளத்துல இறங்கி ஆலங்கொல்லை போகணும்." "ஆலங்கொல்லையில யார் வீடு?" "எங்க வீடுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார், தினம் ஆயிரம் பேர் எங்கள் வீடு என்று சொல்லித்தான் போகிறார்கள். மாட்டை அந்தோணியிடம் விட்டுவர வேண்டும், வாசலைப் பூட்ட வேண்டும், அதற்கெல்லாம் நேரம் இருந்தது. ஸ்டேஷன் எதிரே கிளப்புக் கடையில் சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல பசி. உள்ளே போய் இலை போடச் சொன்னேன்.